முதலில் குரல், பிறகு கை

மதுரையில் ஒரு கண் மருத்துவமனை. இரண்டாவது மாடியில் உள்நோயாளிகள் பிரிவு. வார்டு வாசலுக்கு எதிரே, துணைக்கு வந்தவர்கள் உட்கார ஒரு நீள பெஞ்சு. அதில் ஓரமாக உட்கார்ந்தால் உள்ளே நடப்பது அத்தனையும் தெரியும். நம்மை யாரும் கவனிப்பதில்லை; பாதிப் பேர் கவனிக்கிற நிலையிலும் இல்லை.

இங்கே சிஸ்டர்கள் யாரையும் பேசாமல் தொடுவதில்லை. கட்டிலுக்கு இரண்டடி முன்னாலேயே குரல் வந்துவிடுகிறது. “ஐயா, சிஸ்டர் வந்திருக்கேன். வலது கண்ணுக்கு மருந்து விடப் போறேன்.” அவர் ‘ம்’ கொட்டிய பிறகே கை நீள்கிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு கிடப்பவருக்குச் சொல்லாமல் வரும் கை, அடி விழுந்த மாதிரி. உடம்பு தூக்கிப் போடும், தலை வெட்டிக்கொள்ளும். நேற்றுத் தையல் போட்ட கண் அந்த ஓர் உதறலைத் தாங்காது. பயிற்சிக்கு வந்திருக்கும் பெண் ஒருத்தி வாயைத் திறக்காமல் கட்டிலை நெருங்கினால், மூத்த சிஸ்டர் நின்ற இடத்திலிருந்தே அதட்டுகிறார்: “கிட்டப் போறதுக்கு முன்னாடி பேசு.”

மூத்த சிஸ்டருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். சேலை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகி, பின்னலை மடித்துக் கட்டியிருக்கிறார். மோதிரம் இல்லை, வளையல் இல்லை, நகம் ஒட்ட வெட்டியிருக்கிறது. ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போகும்முன் கைக்கு மருந்து தேய்த்துக்கொள்வது மூச்சு விடுவதோடு கலந்த பழக்கமாகிவிட்டது. தள்ளுவண்டித் தட்டில் தடுப்புத் தடுப்பாகச் சின்னச் சின்ன சொட்டு மருந்துக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் கட்டில் எண். ஒருவருடைய குப்பி இன்னொருவர் கண் பக்கம் போகாது.

ஏழாம் கட்டிலில் அலங்காநல்லூர் பக்கத்துக்காரர். ஐம்பது வயது, வெயிலில் கறுத்த உடம்பு. கரும்பு வெட்டும்போது சோகை இடது கண்ணில் அறைந்திருக்கிறது. முதல் நாள் உறுத்தல். முந்தானையைச் சுருட்டி வாயால் ஊதி மனைவி ஒத்தடம் கொடுத்திருக்கிறார். இரண்டாம் நாள் நந்தியாவட்டைப் பூவின் சாறு. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றவளிடம் வாங்கிய தாய்ப்பால். அதற்கும் மேல் மருந்துக் கடையில் ‘கண்ணுக்கு ஏதாச்சும் குடுங்க’ என்று கேட்டு வாங்கிய சொட்டு. அதில் ஸ்டீராய்டு இருந்திருக்கிறது. பூஞ்சைக்கு அதைவிட நல்ல உரம் கிடைக்காது. பத்தாம் நாள் கருவிழியில் வெள்ளை விழுந்த பிறகுதான் பஸ் ஏறியிருக்கிறார். “பூ விழுந்துருச்சும்மா” என்று சொல்லிக்கொண்டேதான் வார்டுக்குள் வந்தாராம்.

இந்தக் கதை மதுரைக்குப் பழக்கமானது. இந்த மாவட்டத்தில் ஆண்டுக்கு 1,00,000 பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருகிறது என்று 1996-ல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. பெரும்பாலும் வயல்வேலைக்காரர்கள், கூலியாட்கள். கரும்புச் சோகை, நெற்கதிர், உமி, சோளத்தட்டை, மாட்டு வால். கண்ணில் கீறல் போட இவற்றில் ஒன்று போதும். கீறல் வழியே மண்ணிலும் செடியிலும் வாழும் பூஞ்சை உள்ளே இறங்கிவிடும்.

மூத்த சிஸ்டர் குப்பியை எடுத்து நன்றாகக் குலுக்குகிறார். நாட்டமைசின். பால் நிறத்தில் கலங்கலாக இருக்கும் மருந்து. குலுக்காமல் விட்டால் மேலே நிற்கும் தண்ணீர்தான் கண்ணில் விழும், மருந்து அடியிலேயே தங்கிவிடும். முதலில் ஈரப்பஞ்சால் இமையைத் துடைக்கிறார், மூக்குப் பக்கமிருந்து காதுப் பக்கமாக, ஒரே இழுப்பு. அந்தப் பஞ்சு கூடைக்குப் போகிறது. அடுத்த இழுப்புக்கு அடுத்த பஞ்சு. “மேல பாருங்க. மோட்டுல காத்தாடி ஓடுதா?” அவர் பார்வை மேலே போன நொடியில், கீழிமையை விரல் நுனி கன்னத்துப் பக்கம் இழுக்கிறது; இமைக்குள் சிறு பை திறக்கிறது. குப்பியின் மூக்கு இமைமயிரில் படாமல் நிற்கிறது. ஒரு சொட்டு. ஒன்றே ஒன்று. “மெதுவா மூடுங்க. இறுக்கி மூடினா மருந்து வெளிய வந்துரும்.” மூக்கோரம் இருக்கும் கண்மூலையில் ஒரு விரலை வைத்து அழுத்திக்கொண்டு நிற்கிறார். அங்கே விரல் இல்லையென்றால் மருந்து கண்ணீர்க் குழாய் வழியே மூக்குக்கும் தொண்டைக்கும் ஓடிவிடும். சொட்டு போட்ட பிறகு தொண்டை கசக்கிறது என்று பலர் சொல்வது இதனால்தான். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிடமாவது இடைவெளி; உடனே விட்டால் பின்னது முன்னதைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

“கட்டுப் போட மாட்டீங்களா தாயி? காத்துப் படுதே” என்கிறார் அவர்.

“புண்ணு இருக்கிற கண்ணை மூடக்கூடாதுங்கய்யா. மூடினா சூடும் ஈரமும் சேந்து அது இன்னும் வளரும். திறந்தே இருக்கட்டும். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கங்க.”

கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்கிறார், குரல் இறங்கி: “கண்ணு கிடைச்சிருமா?”

‘எல்லாம் சரியாயிரும்’ என்ற சொல் அந்த வார்டில் கேட்பதில்லை. சிஸ்டர் சீட்டைப் புரட்டுகிறார். “நேத்து புண்ணோட ஓரம் பிசிறு பிசிறா இருந்துச்சு. இன்னிக்கு ஓரம் தெளிவா இருக்குன்னு டாக்டரம்மா எழுதியிருக்காங்க. பரவலை. நாளைக்கு மறுபடி அளந்து பாப்பாங்க.” அதற்கு மேல் ஒரு வார்த்தை கூட்டவில்லை. அவர் அதைத் தனக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறார். பரவலை. பரவலை.

பத்து மணிக்குக் கீழே அவசரப் பிரிவில் ஓர் அலறல். ஐந்து வயதுப் பையன். பெட்டிக்கடையில் வெற்றிலையோடு விற்கும் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் கையில் வைத்துப் பிதுக்கி விளையாடியிருக்கிறான். உறை வெடித்து முகத்தில் பீய்ச்சிவிட்டது. அம்மாவின் இடுப்பில் தொங்கிக்கொண்டு, இரண்டு முட்டிக் கைகளாலும் கண்ணைக் கசக்குகிறான். சட்டையெல்லாம் வெள்ளை.

கண் மருத்துவமனையில் யார் வந்தாலும் முதலில் எழுத்துப் பலகையைக் காட்டிப் பார்வையை அளப்பார்கள். பெயர் எழுதுவார்கள், சீட்டுப் போடுவார்கள். சுண்ணாம்புக்கு மட்டும் அந்த வரிசை கிடையாது. சிஸ்டர் “பேரு அப்புறம்” என்று சொல்லிக்கொண்டே பையனை வாங்கிவிட்டார். போர்வையில் கையும் உடம்பும் சேர்த்துச் சுற்றிப் படுக்க வைத்தாயிற்று. மரத்துப்போகும் சொட்டு ஒன்று விழுந்தது. அதுவரை இறுகியிருந்த இமைகள் கொஞ்சம் தளர்ந்தன. தலைமாட்டில் உப்புநீர் பாட்டில் ஏற்கெனவே தொங்குகிறது. குளுக்கோஸ் ஏற்றும் அதே குழாய், முனையில் ஊசி மட்டும் இல்லை. தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, கன்னத்தடியில் வளைந்த தட்டை வைத்து, தண்ணீரை மூக்கோரத்திலிருந்து வெளியே பாயவிட்டார். அடுத்த கண்ணுக்கு அது ஓடிவிடக் கூடாது.

“சாமி, சிஸ்டர் பேசுறேன் கேக்குதா? மழை பெய்யுது பாரு. இப்ப கண்ணை உருட்டு. மேல… கீழ… அந்தப் பக்கம்.” அழுதுகொண்டே உருட்டுகிறான்.

அமிலம் கண்ணில் பட்டால் மேல்திசுவைச் சுட்டு, பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். காரம் நிற்காது, திசுவைக் கரைத்துக்கொண்டு உள்ளே போகும். சுண்ணாம்பில் இன்னொரு கெடுதலும் உண்டு. துகள் இமைக்கடியில் ஒட்டிக்கொண்டால், கழுவி முடித்த பிறகும் அது அங்கிருந்தபடியே கசிந்து வேகவைத்துக்கொண்டிருக்கும். அதனால் சிஸ்டர் பஞ்சு சுற்றிய குச்சியை மேலிமையின் மீது வைத்து, இமைமயிரைப் பிடித்து, ஒரு திருப்பு திருப்பினார். இமையின் உள்பக்கம் சிவப்பாக வெளியே வந்தது. மடிப்பின் ஆழத்தில் அரிசி நொய் அளவில் ஒரு வெள்ளைக் கட்டி. ஈரக்குச்சியால் உருட்டி எடுத்தார். அதன் பக்கத்தில் இன்னொன்று. மறுபடி தண்ணீர். பாட்டில் தீர்ந்தது, அடுத்த பாட்டில்.

அரை மணி நேரமாயிற்று. நீரை நிறுத்தி, ஐந்து நிமிடம் விட்டு, கீழிமைப் பையில் சோதனைத் தாளின் நுனியை வைத்தார். தாள் நீலத்துக்குப் போனது. காரம் இன்னும் இருக்கிறது. முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல் குழாயை மறுபடி திறந்தார். அதற்குப் பின்னும் ஒரு பாட்டில் காலியான பிறகே தாளின் நிறம் நடுநிலைக்கு வந்தது. அப்போதுதான் டாக்டர் விளக்கோடு குனிந்தார். அப்போதுதான் பையனின் பெயரும் ஏட்டில் ஏறியது.

அம்மா சுவரில் சாய்ந்து நிற்கிறார். ஊரில் என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு, சேலையால் துடைத்துவிட்டு உடனே பஸ் ஏறிவிட்டோம் என்றார். ஒரு மணி நேரப் பயணம்.

“வீட்டுல குழாய் இருந்துச்சா?”

“இருந்துச்சு சிஸ்டர்.”

“அதுக்கடியில அரை மணி நேரம் பிடிச்சிட்டு அப்புறம் பஸ் ஏறியிருக்கணும்மா. கெணத்துத் தண்ணி, பானைத் தண்ணி, எதுவா இருந்தாலும் சரி. இந்த விஷயத்துல நாங்க ரெண்டாவதுதான்.” குற்றம் சாட்டும் தொனி இல்லை. பக்கத்தில் நின்ற மற்ற தாய்மார்களுக்கும் சேர்த்துச் சொன்ன குரல்.

அந்தத் தட்டுகளைக் கழுவி வைப்பதற்குள் ஒரு பட்டறைப் பையனைத் தாங்கிக்கொண்டு வருகிறார்கள். உளியைச் சுத்தியலால் அடித்தபோது சில்லு தெறித்திருக்கிறது. பெரிதாக ரத்தம் இல்லை. கருவிழியில் சின்னக் கீறல். கண்மணி வட்டமாக இல்லாமல் கீறல் பக்கம் இழுபட்டு நீண்டிருக்கிறது. கூட வந்த மேஸ்திரி, “கழுவி விடுங்க சிஸ்டர், தூசி இருக்கும்” என்கிறார். சற்றுமுன் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் ஊற்றிய அதே சிஸ்டர் இந்தக் கண்ணில் ஒரு சொட்டும் விடவில்லை. களிம்பும் இல்லை, பஞ்சும் இல்லை. இமையை விரித்துப் பார்க்கவும் இல்லை. கண்ணில் ஓட்டை விழுந்திருக்கிறது. மேலே சிறு அழுத்தம் பட்டாலும் உள்ளிருப்பது வெளியே பிதுங்கிவிடும். கிண்ணம் கவிழ்த்த வடிவில் ஒரு பிளாஸ்டிக் மூடியை எடுத்து, விளிம்பு நெற்றி எலும்பிலும் கன்ன எலும்பிலும் தங்கும்படி வைத்துப் பிளாஸ்திரி ஒட்டினார். கண்ணை எதுவும் தொடவில்லை.

“தம்பி, குனியாத, தும்மல் வந்தா வாயைத் திறந்து தும்மு, மூக்கைச் சிந்தாத. கடைசியா எப்ப சாப்பிட்ட?” எட்டு மணிக்கு நாலு இட்லி. எழுதிக்கொண்டார், மயக்க மருந்து கொடுப்பவருக்கு அது வேண்டும். இனி தண்ணீர்கூடக் கூடாது. தடுப்பு ஊசி ஒன்று, வாந்தி வராமலிருக்க ஊசி ஒன்று. ஒரு வாந்தி போதும், கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிட. ஒரு கண்ணுக்குக் குடம் குடமாக நீர் பாய்ச்சுவதும், அடுத்த கண்ணின் பக்கம் கையே கொண்டுபோகாமல் நிற்பதும் ஒரே காலை நேரத்தின் இரண்டு வைத்தியங்கள். எதற்கு எது என்று அறிய அந்தச் சிஸ்டர் எடுத்துக்கொண்டது ஒரு பார்வை நேரம்.

மதியம் சாப்பாட்டு வேளை. பன்னிரண்டாம் கட்டிலில் உசிலம்பட்டிப் பாட்டி. ஒரு கண் புரை முற்றி எப்போதோ மறைந்துவிட்டது. மற்றதில் அறுவை முடிந்து கட்டுப் போட்டிருக்கிறது. பார்வையற்றவருக்குத் தட்டைக் கடிகாரமாக வைத்துச் சொல்லவேண்டும் என்று பயிற்சியில் கற்றுத் தருகிறார்கள்: மூன்று மணிப் பக்கம் பொரியல், ஆறு மணிப் பக்கம் சோறு. பயிற்சிப் பெண் அப்படியே ஒப்பித்தாள். பாட்டி, “எனக்கு மணி பாக்கத் தெரியாது கண்ணு” என்றார். பெண் திகைத்து நின்றாள்.

மூத்த சிஸ்டர் வந்து தட்டைத் திருப்பி வைத்தார். “அப்பத்தா, இலை போட்ட மாதிரி வச்சிருக்கேன். இடது கைப்பக்கம் நுனி. மேல ஓரத்துல ஊறுகா, அடுத்து பொரியல், அடுத்து கூட்டு. உங்களுக்கு நேரா சோறு. ரசம் தம்ளர்ல, சூடு, இந்தா பாருங்க” என்று தம்ளரைப் பாட்டியின் புறங்கையில் ஒரு கணம் வைத்து எடுத்தார். பாட்டியின் விரல்கள் தட்டில் இறங்கின. எண்பது வருடமாக இலையில் எங்கே எது என்று அறிந்த விரல்கள். ஊறுகாயைத் தொட்டு நக்கிவிட்டு, “உப்பு கம்மி” என்றார். வார்டு முழுக்கச் சிரித்தது.

சாப்பிட்டபின் பாட்டியைக் கழிவறைக்கு அழைத்துப் போகிறாள் பயிற்சிப் பெண். பின்னாலிருந்து தோளைத் தள்ளவில்லை. தன் முழங்கைக்கு மேலே பாட்டியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, அரையடி முன்னால் நடக்கிறாள். “இப்ப வாசப்படி, கால் தூக்குங்க.” பிடித்துக்கொண்டு போவது பாட்டி, நின்றுகொள்ளவும் அவருக்கே முடியும்.

பாட்டியின் கதையில் பழைய காலமும் வருகிறது. அவருடைய மாமியாருக்குப் புரை எடுத்தபோது, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, இரண்டு கண்ணையும் கட்டி, நாள்கணக்கில் மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்களாம். இருமக்கூடாது, திரும்பக்கூடாது. ஊட்டிவிடுவதும் மற்றதெல்லாமும் படுக்கையிலேயே. பாட்டி சொல்வதில் மிகையில்லை. அறுத்த இடத்தை நுண்ணிய தையலால் மூடும் வசதி பரவாத காலத்தில் அசையாமல் கிடப்பதுதான் தையல். 1819-ல் சென்னையில் கண் மருத்துவமனை தொடங்கியது. இன்றைய எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு அதுதான் வேர். அந்தக் காலம் முதல் ஒன்றரை நூற்றாண்டுக்குக் கண் செவிலியின் பெரும்பாடு ஆளை அசையவிடாமல் காப்பதாகவே இருந்தது. இன்று புரை அறுவை சில நிமிடங்களில் முடிகிறது, அன்றோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மணல் மூட்டை போய்விட்டது. ஆனால் செவிலியின் வேலை அதோடு போகவில்லை. அந்தக் காலத்தில் பத்து நாளில் செய்த காவலை, இப்போது அரை நாளில் நோயாளியின் மகனுக்கோ மருமகளுக்கோ கற்றுக்கொடுத்து அனுப்ப வேண்டும்.

அசையாமல் கிடக்கும் விதி முற்றிலும் ஒழிந்துவிடவும் இல்லை. நான்காம் கட்டிலில் ஒருவர் குப்புறக் கிடக்கிறார். கொடைக்கானலில் காய்கறிக் கடை, சர்க்கரை நோய், விழித்திரை கழன்றுவிட்டது. அறுவையில் விழித்திரையை ஒட்டவைத்து, அதைத் தாங்கிப் பிடிக்கக் கண்ணுக்குள் வாயுக் குமிழி ஏற்றியிருக்கிறார்கள். குமிழி எப்போதும் மேலே ஏறப் பார்க்கும். ஆள் குப்புறக் கிடந்தால் கண்ணின் பின்சுவரே மேல்பக்கம் ஆகிறது. குமிழி அங்கே போய் அழுத்துகிறது. அதற்காக நெஞ்சடியில் ஒரு தலையணை, நெற்றிக்கு வளையம், கணுக்காலுக்கடியில் சுருட்டிய துண்டு. சிஸ்டர் வரும்போதெல்லாம் கழுத்தையும் தோளையும் நீவிவிடுகிறார். சர்க்கரை அளந்து ஊசி போடுகிறார். அவர் தரையைப் பார்த்தபடியே பேசுகிறார். சிஸ்டரின் செருப்பு அவருக்கு நன்றாகத் தெரியும்.

“வெள்ளிக்கிழமை மலைக்குப் போயிரலாமா சிஸ்டர்? கடை மூடிக் கிடக்கு.”

“போகவே கூடாது. மேல ஏற ஏற காத்தழுத்தம் கொறையும், உள்ள இருக்கிற வாயு உப்பும். கண்ணுல பிரஷர் ஏறி, பாத்த வைத்தியமெல்லாம் வீணாயிரும். டாக்டர் வாயு கரைஞ்சிருச்சுன்னு சொல்ற வரைக்கும் மலையும் இல்லை, பிளேனும் இல்லை.”

“பிளேன் எங்க…” என்று தரையைப் பார்த்துச் சிரிக்கிறார். வத்தலக்குண்டில் மச்சினன் வீடு இருக்கிறதாம். அங்கே தங்கிக்கொள்வதாக ஏற்பாடு. மணிக்கட்டில் கட்டியிருக்கும் பட்டையை அவிழ்க்க வேண்டாம் என்று சிஸ்டர் சொல்கிறார். கண்ணில் வாயு இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கிறது. வேறு எங்காவது மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால் அங்குள்ளவர்களுக்கு அது தெரிய வேண்டும்.

மதுரையில் கண் சிஸ்டர் என்றால் சேலை கட்டிய கிராமத்துப் பெண் என்பது ஊர் கண்ட காட்சி. அதற்கு ஒரு வரலாறு உண்டு. டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இளவயதில் முடக்குவாதம் அவர் விரல்களைக் கோணலாக்கியிருந்தது. அந்த விரல்களுக்கேற்பக் கருவி பிடிக்கப் பழகி அவர் ஆயிரக்கணக்கில் புரை எடுத்தார். டாக்டர் ஒருவரின் நேரம் அறுவைக்கே செலவாக வேண்டுமென்றால், பார்வை அளப்பது, அழுத்தம் பார்ப்பது, ஆளைத் தயார் செய்வது, சொல்லிப் புரியவைப்பது எல்லாவற்றையும் செய்ய வேறு கைகள் வேண்டும். பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டாண்டு பயிற்சி தரும் ஏற்பாடு அங்கே வளர்ந்தது. அதை உருவாக்கியதில் அவருடைய தங்கை டாக்டர் ஜி. நாச்சியாருக்குப் பெரும்பங்கு. இன்று வயலில் அடிபட்ட கண்ணோடு வருபவரிடம், ‘சோகையா, சருகா, பச்சை இலையா?’ என்று கேட்கத் தெரிந்த சிஸ்டர் இருக்கிறார் என்றால், அவரும் சோகை உரித்த வீட்டிலிருந்து வந்தவர் என்பதால்தான்.

இரவு பத்து மணிக்கு விளக்குகள் தணிகின்றன. ஏழாம் கட்டிலுக்கு மட்டும் தூக்கம் துண்டு துண்டாகத்தான். மணிக்கு ஒரு சொட்டு, இரவிலும். சீட்டில் 24 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் நேரமும் கையெழுத்தும். புண்ணுக்குள் மருந்தின் அளவு இறங்கவிடாமல் வைத்திருப்பதுதான் வைத்தியம். டாக்டர் ஐந்து நிமிடம் பார்த்து எழுதிய ஒரு வரியை, இருபத்து நான்கு முறை எழுந்து நடந்து நிறைவேற்றுவது செவிலியின் கால். இரவுச் சிஸ்டர் இளம்பெண். கைவிளக்கை முகத்தில் அடிக்காமல் தலையணை ஓரம் சாய்த்துப் பிடிக்கிறாள். “ஐயா, சிஸ்டர்.” அவர் கண்ணை மூடியபடியே, “ரெண்டு மணியா, மூணு மணியா?” என்கிறார். “மூணு.” மேலே பார்க்கிறார். சொட்டு விழுகிறது. தூங்கிப் போகிறார்.

இரண்டு கட்டில் தள்ளி, திருமங்கலத்திலிருந்து வந்த அம்மாள். தலைவலியும் வாந்தியுமாக இரண்டு நாள். பித்தம் என்று இஞ்சிச்சாறு குடித்திருக்கிறார். விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிகிறது என்று சொன்ன பிறகுதான் யாருக்கோ கண் நினைவு வந்திருக்கிறது. கண்ணழுத்தம் 21-க்குள் இருக்க வேண்டியது 50-ஐத் தாண்டிவிட்டது. திடீரென்று அடைத்துக்கொள்ளும் கண்ணழுத்த நோய். மானிட்டால் ஏறிக்கொண்டிருக்கிறது. அது உடம்பிலுள்ள நீரை இழுத்து வெளியேற்றும் மருந்து. இருதயமும் சிறுநீரகமும் தாங்குகின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இளம் சிஸ்டர் நாடி பார்க்கிறாள், ரத்த அழுத்தம் பார்க்கிறாள், எவ்வளவு சிறுநீர் போனது என்று எழுதுகிறாள். “தலைவலி பத்துல எத்தனைம்மா?” மாலையில் பத்து என்றார், இப்போது நாலு. அழுத்தம் இறங்குவதைக் கருவி சொல்லும் முன்பே அம்மாளின் நெற்றிச் சுருக்கம் சொல்லிவிட்டது. ஒரு வாய் வெந்நீர் கேட்கிறார்.

விடிந்ததும் பதினைந்தாம் கட்டில் காலியாகிறது. நடவுக்கும் அறுப்புக்கும் போகும் பெண். கதிரடிக்கும்போது நெல் கண்ணில் பட்டு வந்த புண் ஆறிவிட்டது. கருவிழியில் மெல்லிய தழும்பு நிற்கும், பார்வைக்குப் பெரிய மறைப்பில்லை. வீட்டில் இன்னும் பல நாள் சொட்டு தொடர வேண்டும். கணவனுக்குப் பாடம் நடக்கிறது. அவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு லுங்கியில் துடைத்தார். “மறுபடி கழுவுங்கண்ணே.” கழுவினார். காற்றில் உலர்த்தினார். முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது, இரண்டாவது இமைமயிரில். மண்வெட்டி பிடித்த விரல்கள், அந்தச் சின்னக் குப்பியை எவ்வளவு அழுத்துவதென்று தெரியவில்லை. மூத்த சிஸ்டர் அவர் மணிக்கட்டை மனைவியின் நெற்றிமீது சாய்த்து வைத்தார். “கை அங்க ஊனிக்கிட்டா ஆடாது.” மூன்றாவது சரியாக விழுந்தது. அவர் தன்னையறியாமல், “விழுந்துருச்சு” என்றார்.

இரண்டு மருந்து, இருவருக்கும் படிக்கத் தெரியாது. குலுக்க வேண்டிய குப்பியில் சிஸ்டர் ஒரு ரப்பர் பேண்டு சுற்றினார். “ரப்பர் போட்டதைக் குலுக்கணும். மத்ததைக் குலுக்க வேண்டாம். நடுவுல அஞ்சு நிமிஷம். திறந்த குப்பி ஒரு மாசத்துக்கு மேல ஆகாது. வலி, சிவப்பு, பார்வை மங்கல், இந்த மூணுல எது வந்தாலும் சீட்டுல போட்ட தேதிக்குக் காத்திருக்காதீங்க, அன்னிக்கே வாங்க. கடையில கேட்டு எதையும் ஊத்தாதீங்க.”

இந்த ‘அன்னிக்கே’ என்பதைத்தான் நேபாளத்தில் பக்தபூர் மாவட்டத்தில் கிராமம் கிராமமாகச் செய்து பார்த்தார்கள். கிராமத் தொண்டர்களுக்குக் கண்கீறலைக் கண்டுபிடிக்கவும் குளோராம்பெனிகால் களிம்பு போடவும் கற்றுக்கொடுத்தார்கள். 2001-ல் வெளியான அந்த ஆய்வில், அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் களிம்பு தொடங்கிய ஒருவருக்கும் புண் வரவில்லை. பெரிய மருத்துவம் எதுவும் இல்லை. களிம்பு, மூன்று நாள், சீக்கிரம் வருவது. அந்தச் சீக்கிரத்தைத்தான் இந்த வார்டில் ஒவ்வொரு டிஸ்சார்ஜின்போதும் ஒருவர் காதில் போட்டு ஊருக்கு அனுப்புகிறார்கள்.

“அறுப்புக்கு எப்பப் போகலாம் சிஸ்டர்?” என்று கேட்கிறாள் அந்தப் பெண்.

“டாக்டர் சொன்ன பிறகு. போனாலும் வெள்ளைக் கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் கதிரடிக்கணும். பவரெல்லாம் வேண்டாம், சும்மா பிளாஸ்டிக் கண்ணாடி.”

“வயக்காட்டுல கண்ணாடி மாட்டிக்கிட்டு நின்னா சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும். சிரிக்கிறவங்க கண்ணுல பட்டாலும் அன்னிக்கே கூட்டியாங்க. பூச்சாறு பிழிஞ்சு பத்து நாள் வச்சிருந்து கூட்டியாராதீங்க.”

கணவன் மருந்துப் பையை மடக்கிக்கொண்டே கேட்கிறார்: “அந்தக் கண்ணாடி என்ன விலை சிஸ்டர்? ரெண்டா வாங்கிக்கிறோம். எங்க ஆத்தாவும் அறுப்புக்குப் போகுது.”